ஒரு மணி நேரத்தில் விஜயவாடா

“வெதுருகுப்பத்துலேர்ந்து திருப்பதி போறதுக்கே பஸ்சுல ஒரு மணி நேரம். அங்கேர்ந்து விஜயவாடாவுக்கும் ஒரு மணி நேரமா? யார் காதுல பூ சுத்துற?”

செங்கல்வராயன் போனில் கத்தினார். மறுமுனையில் தங்கச்சி மகள் காவ்யா. நாளைச் சாயந்திரம் விஜயவாடாவில் அவளுக்கு நிச்சயதார்த்தம். தாய்மாமன் கொடுக்கிற புடவையைக் கட்டிக்கொண்டுதான் பெண் மனையில் உட்காரணும். மாமன் வரவில்லையென்றால் தட்டு மாறாது. அது அவர்கள் வழக்கம்.

“ப்ளேனு வானத்துல நேராப் போவுது மாமா. நடுவுல ஸ்டாப்பிங் கிடையாது.”

“ஸ்டாப்பிங் இல்லாத வண்டிய நம்பி எவன் ஏறுவான்? நடுவுல எறங்கணும்னா?”

“காலையில ரேணிகுண்டா ஏர்போர்ட்டுல ஏறுனா விஜயவாடா பக்கத்துல கன்னவரத்துல எறங்கிடலாம். டிக்கெட்டு போட்டாச்சு மாமா.”

“பாக்கலாம்.”

அவர் பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். காவ்யாவுக்கும் அது தெரியும்.

செங்கல்வராயன் தனிக்கட்டை. யாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. அன்றைக்கு மாலையே வீட்டைப் பூட்டி, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, புடவைப் பையோடு திருப்பதி போய் விஜயவாடா பஸ் ஏறினார். போன் விடாமல் அடித்தது.

“ப்ளேன்ல ஏத்தத்தான் கூப்புடுது” என்று அணைத்துப் பைக்குள் போட்டார்.

கூடூர் தாண்டியதும் பஸ் படுத்துக்கொண்டது.

“வேற வண்டி வரும், உக்காரு பெரியவரே” என்றார் கண்டக்டர்.

“இந்த வண்டியே போவல. வேற வண்டி எங்கேர்ந்து வரும்?”

இறங்கி, கை காட்டி, நின்ற லாரியில் தொற்றிக்கொண்டார். அது மீன் லாரி. கொஞ்ச தூரத்தில் மாற்று பஸ் அவர்களைத் தாண்டிப் போனது. கண்டக்டர் ஜன்னல் வழியாகக் கையாட்டினார்.

லாரி ஓங்கோலோடு சரி. இறங்கிப் பையை முகர்ந்தார். புடவையும் வஞ்சிரமும் ஒரே வாடை. நாலு முழம் மல்லிகைப்பூ வாங்கி உள்ளே திணித்தார். இப்போது மீனுக்குப் பூ வைத்த மாதிரி மணத்தது.

அடுத்த பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்: “பையில என்ன பெரியவரே?”

“பட்டுப்புடவை.”

அவர் எழுந்து பின் சீட்டுக்குப் போய்விட்டார்.

உச்சிவெயிலில் விஜயவாடா கல்யாண மண்டபத்து வாசலில் நின்றார் செங்கல்வராயன். இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஆனாலும் முகத்தில் ஒரு வெற்றி. “ப்ளேனாம் ப்ளேனு. வந்து சேந்தேனா இல்லியா?”

கேட்டில் பூட்டு தொங்கியது. வாழைமரம்கூடக் கட்டவில்லை. வாட்ச்மேன் பாலையா, பிழைக்க வந்த புத்தூர்க்காரர், நிழலில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார்.

“இன்னாய்யா, காவ்யா நிச்சயம் இங்கதானே? ஒருத்தரையும் காணோம்?”

பாலையா கையை உதறினார்.

“அத ஏன் கேக்குற பெரியவரே! பொண்ணோட மாமன் போனை அணைச்சிட்டு வீட்டுக்குள்ளயே குந்திக்கினு கீறாராம். ‘அவரு வரலன்னா நாம போவலாம், ஒரு மணி நேரந்தானே’ன்னு, ரெண்டு வீட்டு ஜனத்தையும் காலையில ப்ளேன்ல ஏத்தி வெதுருகுப்பத்துக்கே இட்டுக்கினு போயிடுச்சு அந்தப் பொண்ணு!”