கோபன்ஹேகன்ல ஓசி பஸ் ஏறுன கதை

அன்னைக்கு வேலை ஒண்ணுதானுங்க. காசு கேக்காத எடமாப் பாத்து கோபன்ஹேகனைச் சுத்திப் பாக்கோணும்.

கொழிஞ்சாம்பாறையில கடலையும் கரும்பும் போட்டுட்டு இருந்தவனுக்கு அங்க என்ன சோலின்னு கேப்பீங்க. எழுபதுகள்ல எஞ்சம்சாரம் சரோஜாவோட தம்பிக்கு அங்க கப்பல் பட்டறையில வேலை. டிக்கெட் எடுத்து அனுப்பிச்சுட்டான். போய் எறங்குனா, ஒரு காப்பி விலைக்கு ஒரு வாரம் பொள்ளாச்சி பஸ்ஸுல போயிட்டு வரலாம்!

"மச்சான், சர்ச்சுல காசு கேக்க மாட்டாங்க. போய்ப் பாருங்க"ன்னு சொல்லிப்போட்டு மச்சினன் வேலைக்குப் போயிட்டான்.

குளுருக்கு அடக்கமா இருக்கும்னு சரோஜா பட்டுச்சேலை கட்டிக்கிட்டா. எனக்கு வேட்டி, அதுக்கு மேல மச்சினனோட கோட்டு.

மொத சர்ச்சுலயே கதவு தொறந்து கெடந்துச்சு. உள்ள ஒரே கூட்டம். பூவு, பாட்டு, வெள்ளை கவுனுல ஒரு புள்ள.

"ஏனுங்க, இது கண்ணாலமுங்க! வாங்க, போயிரலாம்."

திரும்பறதுக்குள்ள கண்ணாலம் முடிஞ்சு, கூட்டமே எங்களைத் தள்ளிட்டு வெளிய வந்துருச்சு. வாசல்ல ஒரு பஸ். ஒரு பெரியவர் கதவைப் புடிச்சுட்டு வா வான்னு கையை ஆட்டறாரு. டிக்கெட்டே கேக்கல!

"பாத்தியா புள்ள? ஊரைச் சுத்திக் காட்டறாங்க. ஓசியில!"

ஏறிட்டோம். பின்னாலயே சர்ச்சுக் கூட்டமும் ஏறுச்சு. சரி, அவங்களும் ஊர் பாக்கோணுமில்ல?

பஸ் ஊரைச் சுத்தல. நேரா ஒரு மண்டபத்துல போய் நின்னுச்சு.

எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசு 'யெஸ்' ஒண்ணுதான். பெரியவர் "இந்தியா?"ன்னாரு. "யெஸ்." "ஷிப்?" கப்பல்ல வந்தியான்னு கேக்கறாராட்ட. "யெஸ்." "கேப்டன்?" "யெஸ்."

மாப்பிள்ளை கப்பல்காரனாம். என்னைய அவனோட சிநேகிதன்னு நெனச்சுப்போட்டாங்க. அவனோ, பொண்ணூட்டு ஆளுன்னு நெனச்சிருக்கான்! கொண்டு போய் பொண்ணுக்கு எதுக்கால உக்கார வெச்சுட்டாங்க.

"போலீசைக் கூப்புட்டா எந்தம்பி வேலை போயிருமுங்க!" சரோஜாவுக்குக் கண்ணு கலங்கிப் போச்சு.

"பேசாம தின்னு."

தட்டுல என்னமோ வெள்ளையா இருந்துச்சு. வாயில போட்டேன். பச்சை மீனு! காடியில ஊறுனது! துப்பவும் முடியல, முழுங்கவும் முடியல. நம்மூர் டீக்கடையில தண்ணி கேக்கறாப்பல, கரண்டியில கண்ணாடி டம்ளரைத் தட்டுனேன். டிங், டிங், டிங்.

மண்டபமே கப்சிப்.

அந்த ஊர்ல டம்ளரைத் தட்டுனா, தட்டுனவன் எந்திரிச்சு வாழ்த்திப் பேசோணுமாம்! எனக்கு எப்படிங்க தெரியும்?

வேட்டியை இறுக்கிக் கட்டிக்கிட்டு எந்திரிச்சேன். எனக்குத் தெரிஞ்ச மேடைப் பேச்சு, பால் சங்கத்துல பேசுனது மட்டுந்தான். எடுத்து வுட்டேன்.

"தலைவர் அவர்களே, கறவை மாடு வளர்க்கும் பெரியோர்களே! பருத்திக்கொட்டை வெலை ஏறிப்போச்சு. புண்ணாக்கு கெடைக்கல. ஆனாலும் நாம ஒத்துமையா இருந்தா, பாலு பொங்கும்!"

கை தட்டுனாங்க பாருங்க! பொண்ணோட அம்மா கண்ணைத் தொடைக்கறாங்க. எல்லாருஞ் சேந்து தட்டுனா அதுக்கு வேற அர்த்தமாம். மொத்தக் கூட்டமும் டம்ளரைத் தட்ட, பொண்ணும் மாப்பிள்ளையும் எந்திரிச்சு எல்லார்த்துக்கு முன்னாலயும் முத்தம் குடுத்துக்கிட்டாங்க!

சரோஜா முந்தானையில மூஞ்சியை மூடிக்கிட்டா. "ஏனுங்க, புண்ணாக்குன்னு சொன்னதுக்கா?"

அப்பறம் மாப்பிள்ளை நேரா எங்ககிட்ட வந்தான். "நீங்க யாரு?"ன்னு இங்கிலீசுல கேட்டான்.

யெஸ்ஸுக்கு அங்க வேலையில்ல. சரோஜாதான் பள்ளிக்கோடத்து இங்கிலீசைத் தேடிப் புடிச்சா. "சாரி... சர்ச்... பஸ்... ஃப்ரீ..."

அவன் எங்க ரெண்டாளையும் மாத்தி மாத்திப் பாத்தான். அப்பறம் சிரிச்சான் பாருங்க, மேசையைப் புடிச்சுட்டு! கூட்டத்துக்கே வெளக்கிச் சொன்னான். மண்டபம் அதிருது. பொண்ணு ஓடி வந்து சரோஜாவைக் கட்டிப் புடிச்சுக்கிச்சு. கேக்கு வெட்டி எங்களுக்குத்தான் மொதத் துண்டு. சாயங்காலம் பூக்கட்டுன காருலயே கொண்டாந்து ஊட்டு வாசல்ல விட்டாங்க. மச்சினன் வாயைப் பொளந்துட்டு நின்னான்.

குத்தம் சொல்லக் கூடாதுங்க, நல்லாத்தான் கவனிச்சாங்க. நான் கேட்ட தண்ணி மட்டும் கடைசி வரைக்கும் வரவேயில்ல.