வந்த நோக்கம்

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

தங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். நீங்களும் அக்காவும் சுகமா என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்றாலும் கேட்டுவைக்கிறேன். ஒன்பது வருஷமாக என் குரல் கேட்டதும் "உன் தம்பி" என்று போனை அக்கா கையில் கொடுத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிக் கொடுக்க முடியாது, உறைமேல் உங்கள் பெயர்தான் இருக்கிறது. தயவுசெய்து முழுக்கப் படியுங்கள்.

குடிநீர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து நான் ஓய்வு பெற்று ஒன்பது மாதம் ஆகிறது. ஒன்பதேகாலானால் கால் தானாகச் செருப்பைத் தேடுகிறது. போக இடமில்லாமல் சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் எண் போட்டு ஒட்டினேன். "உப்பு எங்கேன்னு கேட்டா பதிவேட்டைப் பாருன்னு சொல்ற மனுஷனோட குடும்பம் நடத்த முடியாது, எங்கயாவது வேலைக்குப் போய்த் தொலைங்க" என்று உங்கள் தங்கச்சி, அதாவது என் வீட்டுக்காரி, சொல்லிவிட்டாள். என் பழைய நாற்காலியும் காலியாகத்தான் இருந்தது. ஓய்வூதியம் வாங்குகிறவரைத் திரும்ப எடுக்க விதி இருக்கிறது, அது உங்களைவிட யாருக்குத் தெரியும். ஓய்வுக்குப் பிறகு ஆறு மாதம் அந்த அலுவலகத்தில் துரும்பைக்கூட அசைத்திருக்கக் கூடாது. சம்பளம் வாங்காமல் அரை மணி நேரம் வேலை செய்திருந்தாலும் ஆறு மாதம் மறுபடி முதல் நாளிலிருந்து.

ஐந்து மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஆறாம் மாதம், என் இடத்தைத் தற்காலிகமாகப் பார்க்கிற பெண் போன் செய்தாள். "சார், மூணாம் நம்பர் பீரோ திறக்கல, ஆடிட் ஃபைல் உள்ள மாட்டிக்கிச்சு." அந்த பீரோவை இடது கீழ்மூலையில் முழங்காலால் ஓர் இடி இடித்துவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும். போனில் சொன்னால் அவளுக்குப் பிடிபடவில்லை. போனேன், இடித்தேன், திறந்தது. அதோடு வந்திருக்கலாம். வாசலில் பார்வையாளர் பதிவேட்டில் 'வந்த நோக்கம்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் முப்பத்தோரு வருஷப் பழக்கத்தில் உண்மையை எழுதித் தொலைத்தேன்: அலுவலகப் பணி, அரை மணி நேரம். கையெழுத்துப் போட்டு அடியில் கோடும் இழுத்தேன்.

சரி, போனது போகட்டும் என்று மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தேன். போன மாதம் உயிர்ச்சான்று கொடுக்கப் போனேன். அது ஓய்வூதியக்காரன் கடமை, அதில் குற்றமில்லை. வரிசையில் முன்னால் நின்ற பழைய மீட்டர் ரீடர், "கண்ணு தெரியல, இதைக் கொஞ்சம் நிரப்பிக் குடுங்க" என்றார். நிரப்பினேன். பின்னால் இருந்தவரும் நீட்டினார். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து பார்க்கிறேன், கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறேன், கையில் ரப்பர் ஸ்டாம்ப், பதினெட்டுப் பேருக்குக் குத்தியாகிவிட்டது. எப்படி உள்ளே போனேன் என்று சத்தியமாக நினைவில்லை. திரும்பும்போது வாசலில் அதே பதிவேடு. அதிலும் எழுதினேன் அத்தான்.

வெட்கத்தை விட்டு, இரக்கப்படுவார்கள் என்று மனு போட்டேன். நேற்று அந்தப் பெண்ணே பதிலைக் கொண்டுவந்தாள். வேறு ஆளைப் போட்டுவிட்டார்களாம். "வருத்தமாத்தான் இருக்கு சார். ஆனா நீங்க எழுதின பழைய குறிப்பு ஒண்ணு இருந்துச்சு. அவ்வளவு தெளிவா இருந்ததால பேரையும் தேதியையும் மட்டும் மாத்திக்கிட்டேன்" என்றாள். வாங்கிப் பார்த்தேன். அன்றைக்கு உங்கள் மனுவின்மேல் நான் எழுதினது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அன்றைக்குத் தெருவெல்லாம் குழாய் வறண்டு கிடந்தது. நம் அலுவலகத்தில் பம்ப் மெக்கானிக்காக ஓய்வு பெற்று, மறுவேலைக்காக ஐந்து மாதம் காத்திருந்த நீங்கள், சாப்பாட்டில் வைத்த கையை உதறிவிட்டு ஓடிப்போய் பம்ப் ஹவுஸ் மோட்டாரை ஓடவைத்தீர்கள். கால்காசு வாங்கவில்லை. பதிவேட்டில் 'மோட்டார் பழுது' என்று உண்மையைத்தான் எழுதினீர்கள். நான் என்ன எழுதினேன்? "விதியை மீறியது மனுதாரர் கைப்படவே உறுதியாகிறது. இரக்கத்துக்கு இடமில்லை." மச்சான் சலுகை காட்டினான் என்று நாலு பேர் பேசிவிடுவார்களோ என்ற பயத்தில், அந்தக் கடைசி வரியை யாரும் கேட்காமல் நானாகச் சேர்த்தேன். "சும்மா உட்கார்ந்தே மனுஷன் பாதியாயிட்டாருடா" என்று அக்கா அழுதாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது நானும் பாதியாகியிருக்கிறேன். தப்பு பண்ணிட்டேன் அத்தான். மன்னிக்கச் சொல்லிக் கேட்கக்கூட வாய் வரல.

இனி அந்த அலுவலக வாசலை மிதிக்க மாட்டேன், யார் கூப்பிட்டாலும் சரி. அக்காவுக்கு என் அன்பு. நீங்கள் பெரியவர், திட்டுவதானால் நேரில் திட்டுங்கள், அதுவே எனக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
நாற்காலி இல்லாத உங்கள் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் போன் வந்தது. பம்ப் ஹவுஸில் அதே மோட்டார் நின்றுவிட்டதாம். "அது உங்க அத்தான் கைக்குத்தான் மசியுமாமே சார், கூட்டிட்டு வரமுடியுமா?" என்கிறாள் அந்தப் பெண். அதனால் இதைத் தபாலில் போடவில்லை, நேரே கொண்டுவந்து அக்கா கையில் உள்ளே கொடுத்தனுப்பியிருக்கிறேன். படித்து முடித்ததும் ஸ்பேனர் பையோடு வெளியே வாருங்கள், உங்கள் வீட்டு வாசலில் வண்டியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே போனதும் பதிவேட்டை மட்டும் நீங்கள் தொட வேண்டாம். வந்த நோக்கம் என்ற கட்டத்தில் இரண்டு பேருக்கும் சேர்த்து நானே எழுதிவிடுகிறேன்: சும்மா.