ஏரோப்ளேனுக்குச் சனிக்கிழமைக் குளியல்

உலகத்தில் எத்தனையோ பேர் ஏரோப்ளேனை ஓட்டியிருக்கலாம். அதிலிருந்து குதித்திருக்கலாம். அது தலைக்கு மேலே போகும்போது அண்ணாந்து பார்த்துக்கொண்டே சாணியில் காலை வைத்திருக்கலாம். ஆனால் ஏரோப்ளேனை மடியில் போட்டுக் குளிப்பாட்டியவர் ஒரே ஒருவர்தான். சிம்மக்கல்லில் இருந்த எங்கள் பெண்கள் விடுதியின் வார்டன் அவர். சொந்தப் பெயரைக் கேட்கும் தைரியம் எங்களில் எவளுக்கும் வந்ததில்லை. ஏரோப்ளேன் அக்கா என்போம். அவர் காதில் விழுந்தாலும் கோபிக்கமாட்டார்.

ஏரோப்ளேன் ஒரு முழ நீளம்தான். உலகச் சண்டைக் காலத்தில் விமானப் பட்டறையில் வேலை பார்த்த அவருடைய தம்பி, உடைந்துபோன விமானத்தின் ஜன்னல் துண்டுகளை அறுத்து, அரத்தால் ராவி, ஒட்டி, அப்படியே ஒரு குட்டி விமானம் செய்து கொடுத்திருந்தார். பார்த்தால் கண்ணாடி. தட்டினால் கண்ணாடிச் சத்தம் வராது. அப்போதுதான் புதிதாக வந்திருந்த பிளாஸ்டிக் சாமான். அக்கா அதை வீட்டில் வைத்துக்கொள்ளாமல் எங்கள் கூடத்தின் நடுவில் வைத்தார்.

"கீழ போட்டா லேசுல உடையாது. ஆனா சும்மா உரசுனாலே கீறல் விழுந்துரும். உங்கள மாதிரித்தான்டி" என்பார்.

அது நின்ற தேக்குப் பீடத்தில், பள்ளி இறுதித் தேர்வில் தேறிய விடுதிப் பெண்களின் பெயர்களைச் செதுக்கி வைப்பது வழக்கம். என் பெயரும் அதில் ஏற வேண்டும் என்பதுதான் அந்த வருடம் முழுக்க எனக்கு இருந்த ஒரே வெறி. சமயநல்லூர்ப் பக்கத்தில் எங்கள் குடும்பத்தார் பெயரை அதுவரை யாராவது எழுதியிருந்தால், அது கைநாட்டுக்குப் பக்கத்தில்தான்.

சிம்மக்கல்லுக்கு வைகை பக்கம். ஆற்றில் தண்ணீர் எப்போதாவது வரும். மணல் தினமும் வரும். வந்து நேராக ஏரோப்ளேன் மேல் உட்காரும். பார்த்தவர்களுக்குத் துண்டை எடுத்து ஒரு துடை துடைக்கக் கை பரபரக்கும். துடைத்தால் தொலைந்தோம், அக்கா கத்துவார்.

"காஞ்ச துணிய வச்சுத் தொடைக்கிறதும் மணலப் போட்டுத் தேய்க்கிறதும் ஒண்ணுதான்டி! மொதல்ல தண்ணிய ஊத்து. தூசி தானா ஓடட்டும். அப்புறம் சோப்பு நுரை. தேய்க்காத, தடவு. பழைய மல்லுத் துணியால ஒத்தி எடு. வெயில்ல வைக்காத, நெழல்ல வையி. ஸ்பிரிட்டு, மண்ணெண்ணெய் பக்கத்துல வந்துச்சு, கொன்னுபுடுவேன்."

பிறந்த பிள்ளைக்குக்கூட மதுரையில் இவ்வளவு பக்குவம் பார்ப்பதில்லை.

சனிக்கிழமைதோறும் இந்தக் குளியல். தொடுவதற்கு முன் வளையலைக் கழற்ற வேண்டும் என்பது முதல் சட்டம். ஒரு சனிக்கிழமை அம்மா என்னைப் பார்க்க முறுக்குச் சட்டியோடு வந்தது. உள்ளே நுழைந்தால், முற்றத்தில் நாங்கள் வரிசையாக மொட்டைக் கையோடு ஒரு அண்டாவைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறோம். அம்மா சட்டியைப் போட்டுவிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டது.

"ஐயோ, யாருடி போயிட்டா? இம்புட்டுப் பேரு கையிலயும் வளவியக் காணோமே!"

அக்கா தலை நிமிரவில்லை. "யாரும் போகல. ஏரோப்ளேன் குளிக்குது. சத்தம் போடாம உக்காருங்க மதினி."

"ஏரோப்ளேனு குளிக்குதா? சோறும் திங்குமா?"

"அது திங்காது. உங்க மகதான் அதோட பங்கையும் சேத்துத் திங்கிறா."

இன்னொரு கூத்து ஆயுத பூஜைக்கு நடந்தது. விடுதிக்குப் புதிதாக வந்த ராக்கு, தன் ஊர் வழக்கப்படி குத்துவிளக்கைப் புளியும் செங்கல் பொடியும் போட்டுப் பளபளக்க வைத்தாள். அதே உற்சாகத்தில் ஏரோப்ளேனின் இடது இறக்கையையும் ஒரு கை பார்த்துவிட்டாள். விளக்கு மின்னியது. இறக்கை பனி மூடிய கண்மாய் மாதிரி ஆகிவிட்டது.

அக்கா திட்டவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. விடுதியிலிருந்த வெள்ளைப் பல்பொடி அத்தனையையும் வசூல் செய்தார். தண்ணீரில் குழைத்து, மல்லுத் துணியில் தொட்டு, விரல் நுனியால் வட்டம் வட்டமாகத் தேய்க்க ஆரம்பித்தார். நாங்கள் வேப்பங்குச்சியில் பல் தேய்த்தோம். ஏரோப்ளேன் பல்பொடியில் தேய்த்துக்கொண்டது. தை பிறப்பதற்குள் இறக்கை பழையபடி தெளிந்துவிட்டது. எந்தக் கீறலையும் அவரால் எடுக்க முடியும் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

பங்குனியில் வில்லங்கம் வந்தது. நிர்வாகக் குழுச் செயலாளர் விடுதியைப் பார்வையிட வந்தார். தோளில் அகலக் கரை போட்ட ஜரிகைத் துண்டு. ஏரோப்ளேன் முன்னால் நின்றவர் நகரவில்லை.

"பொம்பளப் பிள்ளைக ஹாஸ்டல்ல இது எதுக்கு? ஆம்பளப் பசங்க ஸ்கூலுக்கு அனுப்பிருவோம். நாளைக்கு ஓட்டப் போறவன் அவன்தான?"

"இது ஓடாதுங்க. ஓட்டத் தெரிஞ்சவன் இத வச்சு என்ன செய்வான்?" என்றார் அக்கா.

"விடுதிக்குக் குடுத்த சாமான் கமிட்டி சொத்தும்மா. இந்தப் பிள்ளைகளுக்கு வெளக்குமாத்தப் பிடிக்கத் தெரியும். இதுக்குப் பக்குவம் தெரியுமா? நல்லாக் கேட்டுக்கங்க. கீறல் போடுற கையில இந்தச் சாமான் இருக்கக் கூடாது. பாருங்க, எம்புட்டுத் தூசி!"

சொன்ன கையோடு ஜரிகைத் துண்டை எடுத்துத் தேய்த்தார். பங்குனி வெயில், காய்ந்த காற்று. தேய்க்கத் தேய்க்க, தலை வாரிய சீப்பு காகிதத்தை இழுப்பது போல, அது தூசியை இழுத்தது. துண்டின் நூல் பிசிறு பறந்து வந்து ஒட்டியது. அவர் நெற்றியிலிருந்து உதிர்ந்த திருநீறும் போய் ஒட்டியது. ராக்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். செயலாளருக்கு ரோஷம் வந்துவிட்டது. பாத்திரம் விளக்குவது போல அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தார்.

சர்ரக்.

மூக்கிலிருந்து வால் வரை ஒரே கோடு.

"பாத்தீங்களா, கீறல் கெடக்கு! அதான் சொன்னேன்" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

நான் முன்னால் போய் நின்றேன். "அய்யா, அது இப்ப விழுந்தது. உங்க ஜரிகைதான் கீறுச்சு. நான் பாத்தேன்."

"யாரு மக நீ?"

"சமயநல்லூர் கருப்பையா மக. எங்க வீட்டுல பள்ளிக்கூடம் பாத்த மொத ஆளு."

"நானும் பாத்தேன்" என்றாள் ராக்கு. பிறகு கூடம் முழுக்க, "நானும், நானும்."

அக்கா நிதானமாக வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு ஏரோப்ளேனைக் கையில் எடுத்தார். "கீறல் போடுற கையில இது இருக்கக் கூடாதுன்னு சொன்னீக. சரியான பேச்சு. அப்ப நீங்க கிளம்புங்க. நாங்க இதக் குளிப்பாட்டணும்."

செயலாளர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ராக்கு பல்பொடி டப்பாவோடு ஓடி வந்தாள். அக்கா அதை வாங்கி மூடி அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"இந்தக் கோடு இருக்கட்டும்டி. யாரு கை கீறுச்சுன்னு வாரவுகளுக்குக் காட்ட வேணாமா?"

நான் தேறினேன். பீடத்தில், அந்தக் கோட்டுக்கு நேர் கீழே, என் பெயரை அக்காவே ஊசி உளியால் செதுக்கினார். எழுத்துகள் கொஞ்சம் கோணல். நேராக்கித் தருகிறேன் என்று வந்த ஆசாரியை நான்தான் தடுத்தேன்.

இப்போது நான் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். என் வீட்டில் ஏரோப்ளேன் கிடையாது. ஆனாலும் சனிக்கிழமை காலையில், கை தானாகப் போய் வளையலைக் கழற்றி வைத்துவிடுகிறது.