ஆடும் ஏணியும் அழகான பேச்சும்

மனிதர்கள் பேச ஆரம்பித்துப் பல்லாயிரம் வருடங்கள் ஆகியிருக்கலாம். ஆனால் 'முறையாக'ப் பேச ஆரம்பித்தது போன வருடம்தான். இடம், எங்கள் மடக்கு ஏணித் தொழிற்சாலையின் கூட்ட அறை; நேரம், திங்கட்கிழமை காலை பத்தரை மணி. கற்றுக்கொடுத்தவன் நான். இதைத் தற்பெருமை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வரலாறு என்று எடுத்துக்கொண்டால் போதும்.

அதற்கு முன் நான் கிடங்கில் ஆணிகளுக்குப் பொறுப்பாக இருந்தேன். 'பணியிடத் தகவல் தொடர்பு' பற்றி மூன்று நாள் பயிற்சிக்கு ஓர் ஆளை அனுப்பச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. மேலாளர் தொழிற்சாலை முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு, யார் இல்லாவிட்டால் எந்த வேலையும் நிற்காதோ அவரைத் தேர்ந்தெடுத்தார். மூன்று நாள் கழித்து ஒரு கோப்பு, ஒரு சான்றிதழ், சட்டையில் குத்திக்கொள்ளும் ஒரு வட்ட வில்லை ஆகியவற்றோடு திரும்பி வந்தேன். எனக்குத் தனி மேசை போட்டார்கள். ஆணிகள் என்ன ஆயின என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

நான் வருவதற்கு முன் எங்கள் தொழிற்சாலையில் நிலவிய காட்டுமிராண்டித்தனத்துக்கு ஓர் உதாரணம் சொன்னால் போதும். தரம் பார்க்கும் பகுதியில் ஒரு பெண் இருந்தார். நாற்பது வயது. எதையும் பட்டென்று சொல்லிவிடுவதால் எல்லோரும் அவரைப் 'பட்டக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு ஏணியாக விரித்து நிறுத்துவார், இரண்டு கையாலும் பிடித்து உலுக்குவார். நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். இல்லாவிட்டால் "ஆடுது" என்பார், சாக்பீசால் ஒரு பெருக்கல் குறி போடுவார், அடுத்ததை எடுப்பார். அவ்வளவுதான். வணக்கம் கிடையாது, முன்னுரை கிடையாது.

ஒருநாள் வெளியூர் வியாபாரிகள் நான்கு பேருக்கு மேலாளரே ஒரு ஏணியை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த வழியாகப் போன பட்டக்கா, "சார், அத காட்டாதீங்க. அது ஆடுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஏணி உண்மையாகவே ஆடியது என்பது வேறு விஷயம்.

மேலாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். உண்மையைச் சொல்ல வேண்டாம் என்று தான் சொல்லவில்லை, கேட்பதற்கு நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் சொல்வதாக விளக்கினார். பட்டக்காவை நான் திருத்த வேண்டும், திருந்தாவிட்டால் அட்டைப்பெட்டி ஒட்டும் பகுதிக்கு மாற்றிவிடுவார். அங்கே சம்பளம் குறைவு. பட்டக்கா வீட்டில் சம்பளம் வாங்கும் ஒரே ஆள் அவர்தான். ஆகவே ஒரு மாணவி கிடைத்தார்.

என் கோப்பில் இருந்தது 'மூன்று படி முறை'. முதல் படியில் நலம் விசாரிக்க வேண்டும். இரண்டாம் படியில் மனதாரப் பாராட்ட வேண்டும். விஷயம் மூன்றாம் படியில்தான் வரலாம், அதுவும் வலிக்காத சொல்லில். இதை ஏணி செய்கிறவர்களுக்குப் புரிய வைப்பது சுலபம் என்று நினைத்தேன்.

"ஒரு ஏணி ஆடுது. எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேட்டேன்.

"ஆடுதுன்னு சொல்லுவேன் சார்."

"'இந்த ஏணியில் நெகிழ்வுத் தன்மை சற்று அதிகம்'னு சொல்லணும்."

"ஏறுறவன் கீழ விழுவானே, அவன் என்ன சார் சொல்லுவான்?"

அது 'எதிர்மறை மனநிலை' என்று எடுத்துச் சொன்னேன். வேலையை நினைத்தோ என்னவோ, அதற்கு மேல் அவர் வாதாடவில்லை. தினமும் மதியம் அரை மணி நேரம் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டார். "அக்கா, முகத்துல ஒரு சிரிப்பு வேணும்" என்றால் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் பல் வலி போலத் தெரியும். ஆனாலும் முயற்சிக்கு மதிப்பெண் போட்டேன்.

பெருக்கல் குறியையும் மாற்றினேன். அது பார்ப்பவர் மனதைப் புண்படுத்துகிறது. அதற்குப் பதிலாக ஒரு நட்சத்திரம் போடச் சொன்னேன். ஆடும் ஏணிக்கு நட்சத்திரம், ஆடாத ஏணிக்கு ஒன்றும் இல்லை. விளைவு அற்புதமாக இருந்தது. இரண்டே மாதத்தில் குறைபாட்டுப் பதிவேடு காலி. கிடங்குக்காரர்கள் நட்சத்திரம் போட்ட ஏணிகளை 'உயர்தரம்' என்று புரிந்துகொண்டு, துடைத்து, தனியாக முன்வரிசையில் அடுக்கி வைத்தார்கள். முப்பத்தொரு ஏணிகள். வரப்போகும் கண்காட்சிக்கு அவற்றைத்தான் அனுப்புவது என்று முடிவாயிற்று. பட்டக்கா இது பற்றி என்னிடம் இரண்டு தடவை பேச வந்தார். இரண்டு தடவையும் நலம் விசாரித்தார், என் சட்டையைப் பாராட்டினார். அதற்குள் மதிய இடைவேளை முடிந்துவிட்டது.

இந்த வெற்றியைக் கொண்டாட, கூட்ட அறைச் சுவரில் 'சொல்வதைத் தெளிவாகச் சொல்வோம்' என்று பெரிய எழுத்தில் எழுத மேலாளர் ஏற்பாடு செய்தார். பெயின்டர் ஒருவர் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அளவுகோல் இல்லாமலே கோடு போடுகிற கை. அவருக்கு நல்ல ஏணியாகக் கொடுக்கச் சொன்னார் மேலாளர். கிடங்கிலிருந்து நட்சத்திரம் போட்டதையே எடுத்து வந்தார்கள்.

அன்று மதியம் மூன்று மணிக்கு அங்கே வாராந்தரக் கூட்டம். நான் முன்வரிசையில், மதிப்பெண் தாளோடு உட்கார்ந்திருந்தேன். பெயின்டர் சுவரோரம் ஏழாம் படியில் நின்று தன்பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தார். கடைசியாக உள்ளே வந்த பட்டக்கா ஏணியைப் பார்த்தார். நட்சத்திரத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் ஒரு விரலை உயர்த்தினேன். முதல் படி.

"வணக்கம்ண்ணே. நல்லா இருக்கீங்களா?" என்றார். குரல் கொஞ்சம் நடுங்கியது. அதற்கு அரை மதிப்பெண் குறைத்தேன்.

"இருக்கேம்மா" என்றார் பெயின்டர், திரும்பாமல்.

இரண்டு விரலை உயர்த்தினேன்.

"உங்க எழுத்து ரொம்ப அழகா இருக்குண்ணே. அதுலயும் அந்த 'தெ'ல இருக்கிற கொம்பு..."

பாராட்டு உண்மையாக இருந்தால் அது போய்ச் சேரும் என்பது பயிற்சியில் சொன்னது. போய்ச் சேர்ந்தது. பெயின்டர் முகம் மலர்ந்து, அந்தக் கொம்பை எப்படி இழுத்தார் என்று காட்டத் தூரிகையோடு இடது பக்கம் சாய்ந்தார். அவர் ஏழாம் படியில் இருந்தார், பட்டக்கா இரண்டாம் படியில் இருந்தார். மூன்றாம் படிக்கு நேரமில்லை. சுவரில் 'சொல்வதைத் தெளி' வரை வந்திருந்தது. மீதியைப் பெயின்ட் டப்பா முன்வரிசை முழுக்கத் தெளித்தது.

பெயின்டருக்கு வலது முன்கை எலும்பு முறிந்துவிட்டது. மூன்று மாதத்துக்குத் தூரிகை பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அறிக்கையை என்னையே எழுதச் சொன்னார் மேலாளர். 'உயரமான நிலையிலிருந்து எதிர்பாராத விரைவான இறக்கம் நிகழ்ந்தது' என்று எழுதினேன். அவர் அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். யாரும் விழுந்த மாதிரியே தெரியவில்லை என்று மனதாரப் பாராட்டினார்.

மறுநாள் அலுவலகத்தின் சார்பில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பட்டக்கா எனக்கு முன்பே வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இரவெல்லாம் அழுத முகம். பெயின்டர் என்னைப் பார்த்ததும் அவருக்காகப் பரிந்து பேசினார். "இவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க சார். நல்லபடியாத்தான் பேசினாங்க. கேட்டுக்கிட்டே விழுந்துட்டேன்."

நான் அவர் உடல்நலம் விசாரித்தேன். அவருடைய கையெழுத்து இந்த வட்டாரத்திலேயே சிறந்தது என்று சொன்னேன். அவர் தன் மாவுக்கட்டைப் பார்த்தார். பிறகு, யார் மேல் தப்பு என்று கோபமே இல்லாமல் கேட்டார்.

"ஒரு தவறு நிகழ்ந்துவிட்டது" என்றேன்.

"தானாவா?"

நான் கோப்பைத் திறந்து தேடினேன். பட்டக்கா எழுந்து நின்றார்.

"அண்ணே, அந்த ஏணி ஆடும்னு எனக்குத் தெரியும். பாத்ததும் இறங்குங்கன்னு கத்தியிருக்கணும். இவர் விரல தூக்கினாரு, வேலை போயிடும்னு பயந்து நின்னுட்டேன். தப்பு என்மேலயும் இருக்கு, இவர்மேலயும் இருக்கு."

நலம் விசாரிப்பு இல்லை, பாராட்டு இல்லை. பெயின்டர் இடது கையால் அவரை உட்காரச் சொன்னார். தண்ணீர் குடிக்கிறாயா அம்மா என்று கேட்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து பட்டக்கா நேராகக் கிடங்குக்குப் போயிருக்கிறார். கண்காட்சிக்காக அடுக்கியிருந்த ஏணிகளில், மிச்சமிருந்த முப்பதிலும் நட்சத்திரத்தை அழித்துவிட்டு 'ஆடும். ஏறாதே' என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டார். லாரிக்காரர் அதைப் படித்துவிட்டு ஏற்ற மறுத்தார். கண்காட்சிக்கு ஒன்றுகூடப் போகவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததை நிர்வாகத்தின் நுண்ணறிவு என்றுதான் சொல்ல வேண்டும். எனக்குப் பதவி உயர்வு வந்தது. பட்டக்காவை அட்டைப்பெட்டிப் பகுதிக்கு மாற்றும் படிவம் என் மேசைக்கு வந்தது. அதில் 'இடமாற்றத்துக்கான காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. எத்தனையோ நெகிழ்வான சொற்களை எழுதி எழுதி அடித்தேன். கடைசியில், பணியில் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக, எந்தப் படியும் ஏறாமல் உள்ளதை உள்ளபடி எழுதினேன்:

'இவர் சொன்னால் எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது.'

மேலாளர் படித்துப் பார்த்தார். இது போதுமான காரணம்தான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.