அடிக்குறிப்பில் ஏழுமலை

நாவலில் வர்ணனை வந்தால் பக்கத்தைத் தள்ளிவிடும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. மூடுபனி, மலை, மரம், மணியோசை என்று ஆரம்பித்தாலே கண் தானாக அடுத்த பேச்சு எங்கே வருகிறது என்று தேடப் போய்விடும். சும்மா பொழுதுபோக்குக்குப் படிக்கிறவள் இப்படிச் செய்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்கியே தீருவேன் என்று கிளம்பியவள் செய்தால் என்ன கதி ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

நான் பிறந்த ஊர் அனுப்பம்பட்டு. எம்.ஏ. ஆங்கிலம் முடித்த கையோடு ஏழுமலையைக் கட்டிக்கொண்டு பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றுக்கு வந்து சேர்ந்தேன். அவர் ஏரியில் இறால் பிடிக்கிறவர். (எழுத்தில்தான் 'அவர்'. வீட்டில் 'யோவ்'தான்.) வந்து இரண்டு வருடம் ஆனபோது, எனக்குப் பாடம் எடுத்த மேடம் போன் செய்தார். தன்னிடம் ஆய்வு மாணவருக்கு ஒரே ஓர் இடம் காலியாக இருக்கிறது என்றும், ஆய்வுச் சுருக்கம் எழுதிக்கொண்டு நேர்காணலுக்கு வரும்படியும் சொன்னார்.

"ஏதாவது ஒரு பிரிட்டிஷ் நாவலை எடுத்துக்கோ. அதை அதோட பண்பாட்டுச் சூழல்ல வெச்சுப் படி. அணுகுமுறை தெளிவா இருக்கணும்."

"எந்த அணுகுமுறை மேடம்?"

வரலாற்று அணுகுமுறை, மார்க்சிய அணுகுமுறை, பெண்ணிய அணுகுமுறை என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். நான் ஒவ்வொன்றுக்கும் "சரிங்க மேடம்" என்றேன். போனை வைத்த பிறகு எனக்கு எது சரி என்றே தெரியவில்லை. ஒரு கோட்பாட்டுப் புத்தகம் வாங்கி, முக்கியமான வரிகளை மட்டும் மஞ்சள் மையில் கோடு போடலாம் என்று உட்கார்ந்தேன். நாலு நாளில் புத்தகமே மஞ்சளாகிவிட்டது. எனக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை.

நாவல் தேர்ந்தெடுப்பதில் மட்டும் புத்திசாலித்தனமாக இருந்தேன் (என்று அப்போது நினைத்தேன்). நூலகத்தின் கடைசி அலமாரியில் யாரும் தொடாத ஒரு புத்தகத்தை எடுத்தேன். யாருமே படிக்காத நாவல் என்றால் யாருமே கேள்வி கேட்க முடியாதல்லவா? கதை இங்கிலாந்தில் ஒரு கடலோர மீனவ கிராமத்தில் நடக்கிறது. தாமஸ் என்பவன் ஒரு நாள் காலையில் எட்வர்ட் என்பவனுடைய வலையை அறுத்துப் போடுகிறான். ஊர் இரண்டுபடுகிறது. ஏன் அறுத்தான் என்று முன்னுரையில் யாரோ எழுதியிருந்தார்: இரண்டு பேரும் ஒரே பெண்ணைக் காதலித்தார்களாம், பொறாமையாம்.

ஒரு மத்தியானம் ஏழுமலை வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்துக்கொண்டிருந்தார். பொழுது போகாமல் இந்தக் கதையைச் சொன்னேன்.

"பொண்ணுக்காவ எவனாவது வலைய அறுப்பானாமே?" என்றார் ஊசியை நிறுத்தி. "மூஞ்சில குத்துவான், சட்டையக் கிழிப்பான். வலைய அறுக்கறான்னா அது வேற மேட்டரு. அன்னிக்கு யாரு பாடு?"

பாடு என்றால் முறை. எங்கள் ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்களைக் குடும்பங்கள் முறைவைத்துத்தான் பிரித்துக்கொள்கின்றன. இன்று ஒருவர் பாடு, நாளை இன்னொருவர் பாடு. அடுத்தவர் பாட்டில் வலை இறக்கினால் ஊர் கூடிவிடும். தன் பாட்டைத் தவறவிட்டால் சுற்று முடிந்து மறுபடி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதல்லவா பண்பாட்டுச் சூழல்! அன்று தாமஸின் பாடு, எட்வர்ட் திருட்டுத்தனமாக வலை இறக்கியிருக்கிறான், தாமஸ் அறுத்துவிட்டான். முன்னுரை எழுதியவர் கரையையே பார்த்திராதவர். அடுத்த ஒரு மாதம் சந்தேகம் வந்தபோதெல்லாம் ஏழுமலையைக் கேட்டேன். வலையை எந்தப் பக்கமிருந்து அறுப்பார்கள், யார் பஞ்சாயத்து பேசுவார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஆய்வு என்றால் ஆதாரம் காட்ட வேண்டுமே. பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் 'ஏழுமலை, நேர்ப்பேச்சு' என்று குறிப்பு போட்டேன். மொத்தம் பதினேழு இடத்தில்.

நேர்காணல் தேதி வந்தது. பார்த்தால் அன்றுதான் அவருடைய பாடு.

"நீ ஏரிக்குப் போய்யா, நான் தனியா போயிக்கிறேன்" என்றேன்.

"சொம்மா இரு. பட்டணத்துல நீ பஸ்ஸுல ஏறச் சொல்லோவே முழிப்ப. பாடு திரும்பி வரும்மே, சீட்டு வருமா?" என்று சொல்லிவிட்டுக் கல்யாணச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். பையில் பேனா வேறு. இந்த இடம் கிடைக்காவிட்டால் எந்த முகத்தோடு திரும்பி வருவேன் என்று பொன்னேரியில் ரயில் ஏறும்வரை அதே நினைப்புதான்.

அறைக்குள் மேடமும், வெளியூரிலிருந்து வந்த கண்ணாடி போட்ட ஒரு பேராசிரியரும் இருந்தார்கள். (பேசியதெல்லாம் ஆங்கிலத்தில். என் ஆங்கிலம் அன்று போன போக்கு வெளியே தெரிய வேண்டாம் என்று தமிழில் தருகிறேன்.) பேராசிரியர் என் ஆய்வுச் சுருக்கத்தைப் புரட்டினார். நாவலின் பெயரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ஆஹா! என்னுடைய முனைவர் பட்ட ஆய்வே இந்த நாவல்தான்."

உலகத்திலேயே அந்தப் புத்தகத்தைப் படித்த ஒரே ஆள் எனக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

"நல்ல புதுமையான வாசிப்பு. ஆனால் இந்த ஏழுமலை யார்? பதினேழு இடத்தில் மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள். இந்தத் துறையில் முப்பது வருடமாக இருக்கிறேன், இவருடைய நூல் ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை. எந்தப் பல்கலைக்கழகம்?"

"எங்க வீட்டுக்காரர் சார்."

மேடம் தன் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"அவர் நாவலைப் படித்திருக்கிறாரா?"

"நான் சொன்னேன் சார்."

"இப்போது எங்கே இருக்கிறார்?"

"வெளியில தண்ணி டிரம் பக்கத்துல நிக்கிறார் சார்."

"கூப்பிடுங்கள்" என்றார் பேராசிரியர்.

ஏழுமலை உள்ளே வந்து பெரிதாக ஒரு வணக்கம் போட்டார். நான் பதற்றத்தில் எழுந்து நின்றேன். மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்தது ஒரே நாற்காலி. காலியாக இருக்கிறதே என்று அவர் அதில் உட்கார்ந்துவிட்டார். ஆக, நேர்காணலுக்கு வந்தவள் சுவரோரம் நிற்க, வீட்டுக்காரருக்கு நேர்காணல் ஆரம்பமாயிற்று.

"இங்கிலாந்தில் பாடு முறை இருந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று பேராசிரியர் தமிழில் கேட்டார்.

"அது நமக்கு எப்டி சார் தெரியும்? நா வடக்கால ஆரம்பாக்கம் தாண்டிப் போனதில்ல."

பதினேழு அடிக்குறிப்பும் அங்கேயே செத்தன. நான் அவரைப் பார்த்துக் கண்ணை உருட்டினேன். அவரோ, கண்ணில் தூசி விழுந்துவிட்டதோ என்கிற மாதிரி என்னைக் கவலையாகப் பார்த்தார்.

"சரி, அந்தக் காட்சியை நான் சொல்கிறேன், கேளுங்கள்" என்று பேராசிரியர் ஆரம்பித்தார். "விடிகாலை. மூடுபனி. மாதா கோயில் மணி அடிக்கிறது. ஊரே கறுப்பு உடுப்பு போட்டுக்கொண்டு, தொப்பி வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போகிறது. படகெல்லாம் கரையில் கிடக்கிறது. எட்வர்ட் மட்டும் தனியாக வலையை எடுத்துக்கொண்டு..."

நான் விழித்தேன். மணியா? தொப்பியா? இது எந்த நாவல்?

ஏழுமலை தொடையைத் தட்டினார். "ஞாயித்துக்கெழமயா! அட இன்னா சார், அறுக்காம இன்னா பண்ணுவான்? எங்க பக்கத்துக் குப்பத்துல மாதா கோயில்காரங்க கீறாங்க. ஞாயித்துக்கெழம வலையத் தொட மாட்டாங்கோ. ஒருத்தன் தொட்டான்னா, அத்தினி பேரும் வேலைய வுட்டுட்டு சாமி கும்புடச் சொல்லோ இவன் மட்டும் மீனை வாரிக்கினு போறான்னு அர்த்தம். பாடும் கெடயாது, ஒரு மண்ணும் கெடயாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏம்மே, மணி அடிச்சத நீ சொல்லவேயில்லியே?"

"அது... வர்ணனைன்னு நெனச்சேன்" என்றேன். சொன்ன குரல் எனக்கே கேட்கவில்லை.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவர் இப்போது சொன்னதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து வருடம் ஆயிற்று" என்று மேடத்திடம் சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே, "பேசாமல் அந்த இடத்தை இவருக்கே கொடுத்துவிடலாமா?" என்றார்.

ஏழுமலை பதறி எழுந்தார். "வாணாம் சார். நமக்கு ஏரில வேல கீது."

அந்த வருடம் எனக்கு இடம் கிடைக்கவில்லை. வர்ணனையையும் சேர்த்துப் படித்துவிட்டு அடுத்த வருடம் வா என்று மேடம் சொல்லி அனுப்பினார். திரும்பும் ரயிலில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். பிறந்த ஊர் ஸ்டேஷன் வந்தபோதுகூடத் தலையை நிமிர்த்தவில்லை. அவர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கேட்டதற்குச் சரியாகப் பதில் சொன்னதைத் தவிர வேறு தப்பு எதையும் அவர்மேல் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதால் கோபம் இன்னும் கூடியது.

"நா இன்னாமே தப்பா சொன்னேன்?" என்று மூன்று முறை கேட்டார். கொஞ்ச நேரம் பொறுத்து, "அப்பால அந்த எட்வர்டு இன்னா ஆனான்?" என்றார்.

எனக்கும் தெரியவில்லை. கடைசி அத்தியாயம் கடலின் வர்ணனையில் தொடங்கியதால் அதையும் தள்ளியிருந்தேன்.

அப்புறம் நாவலை முதல் பக்கத்திலிருந்து அவருக்குத் தமிழில் சொல்லி முடித்தேன். ஒரு வரி விட முடியாது. "இன்னா, பக்கம் சீக்கிரம் திரும்புது?" என்று கேட்டுவிடுவார். அடுத்த வருடம் அதே நாவலோடு போய் அதே இடத்தை வாங்கினேன். இப்போது எங்கள் வீட்டில் யார் எந்தச் சண்டைக்கு நியாயம் சொல்லிக்கொண்டு வந்தாலும், "அதுக்கு மின்னாடி மணி அடிச்சிதா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. மீதிக் கதையைக் கேட்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

போன மாதம் எனக்குப் பட்டம் கிடைத்தது. குப்பத்தில் எல்லாரும் வந்து கையைக் குலுக்கினார்கள். ஏழுமலை நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்த சீட்டு மொதல்ல எனக்குத்தான் குடுத்தாங்கோ. கண்ணாடி போட்ட பெரிய ஆபீசரே கூப்புட்டுக் குடுத்தாரு. நாந்தான், இவ ஆசப்படறாளேன்னு வுட்டுக் குடுத்தேன்."

யோவ் என்று நான் வாயெடுப்பதற்குள் அவரே முடித்தார்: "இன்னாமே பாக்குற? அன்னிக்கு யாரு பாடு, சொல்லு!"

அவருடைய பாடுதான், அதை விட்டுவிட்டுத்தான் என்னோடு வந்தார். நான் எல்லாருக்கும் டீ ஊற்றப் போனேன்.