மாலை போட்ட முதலாளியும் லைக்கு அக்காவும்

லைக்கு அக்காவுக்குத் தெரியாமல் குமுளியில் ஒருவர் பிறக்கவும் முடியாது, சாகவும் முடியாது. ஃபேஸ்புக்கில் ஒரு படம் ஏறினால், போட்டவர் போனைக் கீழே வைப்பதற்குள் அக்காவின் லைக்கு விழுந்திருக்கும். ஞானஸ்நானத்தில் அவளுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பதை அவள் வீட்டுக்காரரே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்.

அவளுடைய ஏலக்காய்க் கடைக்குப் பக்கத்தில் என் மொபைல் கடை. கம்பம்மெட்டுப் பக்கம் கொஞ்சம் கொஞ்சம் நிலம் வைத்திருந்த பெண்களைச் சேர்த்து அக்கா ஒரு குழு நடத்தினாள். விளைந்த ஏலக்காயைச் சொந்தப் பெயரில் பாக்கெட் போட்டார்கள், வாங்கத்தான் ஆளில்லை. கொச்சியில் நடக்கும் வணிகக் கண்காட்சியில் ஒரு பெரிய ஆர்டராவது பிடிக்காவிட்டால் குழுவைக் கலைத்துவிட்டு, பழையபடி தரகர் சொல்லும் விலைக்கே காயைக் கொடுப்பது என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

"கலைக்கிறதாவது! பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்துல பொறந்தவ நான். அங்க நல்லது கெட்டதுக்குப் போயி நின்னாத்தான் தம்பி நாளைக்கு நமக்கு நாலு பேரு வருவாக. வியாபாரமும் அப்படித்தான். போன்லயே போயி நிக்கப் போறேன்" என்றாள்.

நின்றாள். கண்காட்சிக்கு வரப்போகும் வியாபாரிகளை ஒருவர் விடாமல் ஃபேஸ்புக்கில் தேடிப் பிடித்தாள். ஒருவருடைய பேரனுக்குப் பல் முளைத்ததற்கு வாழ்த்து. இன்னொருவருடைய நாய்க்குக் காய்ச்சல் என்றதும் கஷாயம் வைக்கும் முறை. ஏலக்காயைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டாள். கேட்டால், "கல்யாண வீட்டுக்குப் போயி சரக்கா விப்பாக?" என்று என்னையே திட்டுவாள்.

நடுவே கண்காட்சிக்கு ஒத்திகை வேறு. ஜீப் ஸ்டாண்ட் டிரைவர்களை வரிசையாக நிற்க வைத்து, "நீ டெல்லி, நீ துபாய்" என்று பிரித்துவிட்டாள். துபாய்க்காரர் கொஞ்சம் ஓவராகவே பேரம் பேசிவிட்டார். "ஒனக்குக் காயே கிடையாது, எறங்குடா கடையவிட்டு!" என்று விரட்டியடித்தாள். துபாய் ஏற்றுமதி அன்றோடு நின்றது.

அவள் பெரிதும் நம்பியிருந்தது மதுரையில் வரிசையாக மிட்டாய்க் கடை வைத்திருந்த ஒரு முதலாளியை. ஒரு நாள் காலை அழுதுகொண்டே வந்து போனை நீட்டினாள். படத்தில் முதலாளி கழுத்து கொள்ளாத ரோஜா மாலையோடு, சிரிப்பே இல்லாமல் இருந்தார். பக்கத்தில் குத்துவிளக்கு எரிந்தது. மேலே இங்கிலீஷில் என்னவோ நீளமாக எழுதியிருந்ததை அவளும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை.

'கண்ணீர் அஞ்சலி' என்று போட்டாள். அவளைப் பார்த்து இன்னும் பலர் போட்டார்கள். சாயங்காலம் முதலாளியின் ஃபேஸ்புக் பக்கமே அவள் போனில் தெரியாமல் போயிற்று. "பாவம், குடும்பத்தாளுக மூடிட்டாக போல" என்றாள். ஞாயிற்றுக்கிழமை பீர்மேட்டு மாதா கோயிலில் அவர் ஆன்ம சாந்திக்குப் பூசையும் வைத்தாள்.

கொச்சிக்கு நானும் துணைக்குப் போனேன். எங்கள் ஸ்டாலுக்கு வந்தவர்கள் ஓசி டீ குடித்துவிட்டுக் கழிப்பறைக்கு வழி கேட்டார்கள். அக்கா அசரவில்லை. கால் வீங்கியும் உட்காராமல் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கடைசி நாள் சாயங்காலம் ஒருவர் விறுவிறுவென்று வந்து நின்றார்.

"இங்க லைக்கு போடுற அம்மா யாரு? செத்துப்போன ஆளு வந்திருக்கேன்னு சொல்லுங்க!"

மதுரை முதலாளியேதான்.

"அது வியாபாரிகள் சங்கத் தலைவரானதுக்குப் போட்ட மாலைம்மா! சிங்கப்பூர்ல இருக்க மச்சினன் அழுதுக்கிட்டே பிளைட் ஏறிட்டான். எம் பொண்டாட்டி என்னைய நிக்க வச்சுத் திருஷ்டி கழிக்கிறா!"

நான் மேஜைக்கு அடியில் ஏதோ தேடுவதுபோலக் குனிந்தேன். அக்கா ஓடிப்போய் அவர் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள்.

"மாதாவே! உசுரோட இருக்கீகளா! லயத்துச் சனம் பூரா உங்களுக்காக முழங்கால் போட்டுச்சேய்யா!"

"எனக்காகவா?"

"பின்ன? பேரச் சொல்லிப் பூசை வச்சோம்ய்யா."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மாலை போட்டவன்ல ஒருத்தனும் எனக்காகச் சாமி கும்பிட்டதில்லம்மா" என்றார். கை தானாக ஒரு ஏலக்காயை எடுத்து நசுக்கி மோந்து பார்த்தது. இன்னொன்றையும் நசுக்கினார். "தீபாவளிக்கு எங் கடைகளுக்கெல்லாம் இந்தக் காயே வரட்டும்."

குழு பிழைத்தது. அவர் போனதும் அக்கா பேனருக்குப் பின்னால் போய்த் தேம்பித் தேம்பி அழுதாள்.

"ஆர்டர்தான் கெடைச்சிருச்சேக்கா, எதுக்கு அழுவுற?"

"ஆர்டரு கெடக்குது போ. மனுசன் உசுரோட இருக்காரேடா!"

என் கடையைக் கம்பம் டவுனுக்கு மாற்றினால் நன்றாக ஓடும் என்று வீட்டில் இன்றைக்கும் சொல்கிறார்கள். ஓடும்தான். ஆனால் இப்படி ஒருத்தி பக்கத்துக் கடையில் இருக்கும்போது நான் எங்கே போக?