கடைவாய்ப்பல்லும் கடலோரக் கோட்டையும்

"இந்த வாரக் கடைசில கடலோரம் போறோம் சார். ஒரே பாறை, செங்குத்தா நிக்கும். உச்சியில பழைய காலத்துக் கோட்டை. நீங்களும் வர்றீங்களா?"

பல் மருத்துவர் இப்படிக் கேட்டபோது, பேருந்து நிலைய நேரக்காப்பாளரின் ஊசி போட்டு மரத்துப்போன வாயில் ஒரு ரப்பர் கட்டை, இரண்டு பஞ்சுருண்டைகள், எச்சில் உறிஞ்சும் குழாய், மருத்துவரின் இரண்டு விரல்கள் ஆகியவை இருந்தன.

"ஆ... ங்ங்..." என்றார் நேரக்காப்பாளர். வரமாட்டேன் என்று அர்த்தம்.

"அப்படி வாங்க வழிக்கு! சிஸ்டர், சாரையும் சேர்த்துக்குங்க."

கடைவாய்ப்பல்லைப் பிடுங்கப்போகிறார்கள் என்ற கிலியே நேரக்காப்பாளருக்குப் போதுமானதாக இருந்தது. மூன்று முறை வாசல்வரை வந்து திரும்பிப் போனவர் அவர். இன்று மனைவி கையோடு இழுத்துவந்து, திரைக்கு அந்தப் பக்கம் காவலுக்கு உட்கார்ந்திருந்தாள். இதில் சுற்றுலா வேறா? அவருக்கு ஏது விடுப்பு? நாற்பது ஓட்டுநர்களுக்கு விடுப்பு கிடையாது என்று சொல்வதே அவருடைய உத்தியோகம்.

"ஒன்பது மணிக்குக் கிளம்பினா, பத்தரைக்கெல்லாம் கோட்டை வாசல்ல நிக்கலாம்."

இதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. அந்தப் பாதையில் பத்தொன்பது வளைவுகள். ஒன்றரை மணி நேரத்தில் காக்கா வேண்டுமானால் போய்ச் சேரும். மூன்று மணி நேரமாகும் என்று மூன்று விரல்களைக் காட்டினார்.

"மூணு பேரா? நீங்க, வீட்டம்மா, அப்புறம்... மாமியாரா? தாராளமா வரட்டும். வண்டில இடம் இருக்கு."

பதறிப்போய், ஐந்து விரல்களும் விரியக் கையை ஆட்டினார்.

"அஞ்சு நாளா? நான் ரெண்டு நாள்தான் நினைச்சேன். நீங்க சொல்றதும் சரிதான். கோட்டை மட்டுமா இருக்கு? குகைச் சிற்பம், கடல் பாதி தின்ன ஊர், மாலுமிங்க கல்லறை... சிஸ்டர், அஞ்சு நாள்னு போட்டுக்குங்க."

கடைசி முயற்சியாக, ஆளை விட்டால் போதும் என்று இரு கைகளையும் கூப்பினார்.

"ஐயய்யோ, நன்றியெல்லாம் எதுக்கு சார்? நமக்குள்ள என்ன!"

திரை விலகியது. மனைவி நின்றிருந்தாள்.

"அஞ்சு நாளா? எங்கம்மாவையுமா?"

இல்லை என்று தலையாட்டப் பார்த்தார். மருத்துவர் தாடையைப் பிடித்திருந்ததால் தலை மேலும் கீழும்தான் அசைந்தது.

"இருபத்திரண்டு வருஷமா ஊரையே பஸ் ஏத்தி அனுப்புனீங்க. என்னை ஒரு தடவையாவது..." என்று திரையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க பேசுங்கம்மா," என்று மருத்துவர் குனிந்தார்.

அவள் பேசினாள். பேசி முடித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே போனாள். தொலைபேசியில் அவள் குரல் கேட்டது.

"ஆமாம்மா, உன் மாப்பிள்ளையேதான்! அவராவே கூப்பிடுறாரு! முட்டிக்குத் தடவுற தைலத்தை எடுத்து வச்சுக்க, படி நிறைய இருக்குமாம்."

நேரக்காப்பாளர் மேற்கூரையைப் பார்த்தபடி கிடந்தார். அந்தக் குரலில் இப்படி ஒரு துள்ளலைக் கேட்டு எத்தனை வருடமாயிற்று என்று யோசித்தார். சரியாக நினைவுக்கு வரவில்லை. உதவியாளரிடம் ஐந்து நாள் பொறுப்பைக் கொடுத்தால் பேருந்துகள் ஓடாமலா போய்விடும்? ஒன்பது மணி கூடவே கூடாது. ஐந்தரைக்குக் கிளம்பினால் வெயிலுக்கு முன்னால் கோட்டை. மத்தியானம் குகை. கல்லறைக்குச் சாயங்காலம் போதும். மாலுமிகள் எங்கே போய்விடப்போகிறார்கள்? அட்டவணை தானாகவே வளர்ந்துகொண்டு போனது.

மருத்துவர் கையுறையைக் கழற்றிவிட்டு அடுத்த அறைக்குப் போனதைக்கூட அவர் கவனிக்கவில்லை. நர்ஸ் ரப்பர் கட்டையை உருவிப் புதுப் பஞ்சை வைத்ததும், சைகையால் பேனா வாங்கி, மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதி நீட்டினார்: 'புறப்பாடு காலை 5.30. தாமதிப்பவர்களுக்காக வண்டி நிற்காது. டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்லவும்.'

நர்ஸ் இரண்டு முறை படித்தாள்.

"டாக்டருக்குக் கடலைக் கண்டாலே தலை சுத்தும், அவர் எங்கயும் போறதில்ல சார், ரொம்பப் பயப்படுறவங்ககிட்ட மட்டும் இப்படி எதையாவது பேசிக்கிட்டிருப்பாரு. உங்க பல்லைப் பிடுங்கிப் பத்து நிமிஷமாச்சு, எந்திரிங்க."